சிவப்பு தேடிய டாக்டர்

நம்ம காலேஜில் ஃபவுன்டன் பேனா பைத்தியங்கள் கொஞ்சம் பேர் இருக்கோம். நீங்களும் அதில் ஒருத்தர் என்றால், இந்தப் பைத்தியம் எப்படி முத்தும் என்று நான் சொல்லத் தேவையில்லை. முதலில் கடையில் கிடைக்கிற ராயல் ப்ளூ. அப்புறம் கறுப்பு. அப்புறம் ஒரு நாள் யாராவது தங்கத்தூள் கலந்த மாதிரி மினுமினுக்கும் மை ஒன்றைக் காட்டுவார்கள். அதோடு கதை முடிந்தது. காய்ந்தபிறகு வேறு நிறத்தில் பளபளக்கும் மை, தண்ணீர் பட்டாலும் கரையாத மை, எழுதும்போது வெளிறி இருந்துவிட்டு கொஞ்ச நேரத்தில் கறுத்துப்போகும் இரும்பு மை, வாசனை மை என்று பாக்கெட் மணி முழுக்க மைப்புட்டியில் போய்விடும்.

இந்த வரிசையில் சிவப்பு மட்டும் ஒரு தனி ஜாதி. பரீட்சையில் எழுத முடியாது, பேப்பர் திருத்துபவர்களுக்கு மட்டுமே சொந்தம். ஆனா கம்பெனிகள் சிவப்புக்கு வைக்கும் பெயர்களைக் கவனிச்சிருக்கீங்களா? கார்மைன், க்ரிம்ஸன். இரண்டு சொல்லுமே கிர்மிஸ் என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தவை. கிர்மிஸ் என்பது ஒரு பூச்சி. இன்றைக்கு நீங்கள் வாங்கும் கார்மைன் மையில் பெரும்பாலும் பூச்சி கிடையாது, செயற்கைச் சாயம்தான். பெயரில் மட்டும் பூச்சி மிச்சம் இருக்கு.

அந்தப் பூச்சிச் சிவப்பை நம்ம செங்கல்பட்டுச் சீமையில் விளைவிக்க ஒரு மனுஷர் தன் வாழ்க்கையின் நல்ல பகுதியைச் செலவு செய்தார். டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன். மெட்ராஸ் சரித்திரம் படிப்பவர்களுக்குத் தெரிந்த பெயர். நமக்கும் தெரிய வேண்டியவர் என்பது என் கட்சி.

முதலில் பூச்சியைப் பார்த்துவிடுவோம். கொச்சினீல் என்று பெயர். மெக்சிகோவில், முக்கியமாக ஒஹாக்கா பகுதியில், நோபால் என்ற ஒரு வகைச் சப்பாத்திக்கள்ளியின் மடலில் ஒட்டிக்கொண்டு சாறு குடித்து வாழும் பூச்சி. ஆணுக்குச் சிறகு உண்டு, பெண்ணுக்கு இல்லை. பெண் ஒரே இடத்தில் உட்கார்ந்தே வாழ்ந்து முடித்துவிடும். எறும்பு மாதிரி எதிரிகள் தின்னாமல் இருக்கத் தன் உடம்பில் ஓர் அமிலத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். அதுதான் கார்மினிக் ஆசிட். காய்ந்த பூச்சியின் எடையில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு இந்த அமிலமே. மெக்சிகோ மக்கள் பெண் பூச்சிகளைக் கள்ளியிலிருந்து மெதுவாகத் துடைத்து எடுத்து, கொன்று, உலர்த்துவார்கள். ஒரு பவுண்டு சாயப்பொருளுக்குச் சுமார் 70,000 பூச்சிகள் வேண்டும்.

மெக்சிகோவைப் பிடித்த ஸ்பெயின்காரர்களுக்கு அங்கிருந்து வந்த வருமானத்தில் வெள்ளிக்கு அடுத்த இடம் இந்தப் பூச்சிக்குத்தான். ரகசியத்தைக் கட்டிக் காத்தார்கள். காய்ந்த கொச்சினீல் பார்க்க ஏதோ தானியம் மாதிரி இருக்கும். அது விதையா பூச்சியா என்று ஐரோப்பாவில் ரொம்ப நாள் சண்டை நடந்து, கடைசியில் மைக்ராஸ்கோப் வைத்துப் பார்த்துத்தான் பூச்சி என்று முடிவானது. 1777ல் தியெரி தெ மெனொன்வில் என்ற பிரெஞ்சுக்காரர் ஒஹாக்காவுக்குள் தந்திரமாக நுழைந்து, கள்ளியோடு பூச்சியைக் கடத்தித் தன் நாட்டுக் காலனியான செயின்ட் டொமிங்குக்குக் கொண்டுபோனார். மூன்று வருஷத்தில் அவரும் இறந்துபோனார், அந்த முயற்சியும் படுத்துவிட்டது. பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளின் சிவப்புக் கோட்டு, ஓவியர்களின் சிவப்பு, வரைபடம் போடுகிறவர்களின் கார்மைன் மை எல்லாவற்றுக்கும் பிரிட்டன் ஸ்பெயினிடம் காசு கொடுத்துக்கொண்டு இருந்த காலம் அது.

நம்ம கடற்கரையில் சிவப்பே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. கடலோர மணலில் விளையும் சாயவேர் என்ற சின்னச் செடியின் வேர்தான் சோழமண்டலத் துணிகளின் சிவப்பு. கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி உட்கார்ந்தது இந்தக் கரையின் துணி வியாபாரத்துக்காகத்தான். ஆனா சாயவேர்ச் சிவப்பு படிகாரம் தடவிய பருத்தித் துணியில் கெட்டியாகப் பிடிக்கிற சிவப்பு, தண்ணீரில் லேசில் கரையாது. பேனாவில் ஊற்றி எழுத அது ஆகாது. கம்பளியையும் பட்டையும் கண்ணைப் பறிக்கிற மாதிரி சிவக்க வைக்கவும் கொச்சினீல்தான் வேண்டும்.

இந்த இடத்தில் ஆண்டர்சன் வருகிறார். 1738ல் ஸ்காட்லாந்தில், எடின்பரோவுக்குப் பக்கத்தில் பிறந்தவர். மருத்துவம் படித்தார். 1760களில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக மெட்ராஸ் வந்தார். வந்தவர் திரும்பிப் போகவே இல்லை. கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் இங்கேயே.

அவர் வந்த காலத்து மெட்ராஸை மனசில் கொண்டுவாங்க. கோட்டை, அதைச் சுற்றிக் கொஞ்சம் ஊர், அவ்வளவுதான். 1763ல் ஆற்காட்டு நவாப் செங்கல்பட்டுப் பகுதியைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். சைதாப்பேட்டையும் அந்தச் சீமையில் சேர்ந்ததுதான். பின்னாளில் செங்கல்பட்டு ஜில்லாவின் கலெக்டர் ஆபீஸே ரொம்ப காலம் சைதாப்பேட்டையில் இருந்தது. 1780ல் ஹைதர் அலியின் படை இந்தப் பகுதி முழுக்க ஓடியது. ஊர்கள் எரிந்தன, ஏரிகள் பராமரிப்பில்லாமல் போயின, பஞ்சம் வந்தது. ஒரு டாக்டர் ஏன் பயிர், பூச்சி, சாயம் என்று அலைந்தார் என்பதற்கு இந்தப் பின்னணியை நான் பெரிதாக நினைக்கிறேன். நெல் இல்லாத இடத்தில், மழை பொய்த்தாலும் நிற்கிற ஒரு செடி வேலை கொடுக்குமா என்று பார்த்த மனுஷர் அவர். கள்ளிக்குத் தண்ணீர் வேண்டாம். பூச்சியைத் துடைத்து எடுக்கக் கருவி வேண்டாம், பொறுமையான கை போதும்.

அதற்காக அவரை மகான் ஆக்க நான் தயாரில்லை. கம்பெனி சம்பளம் வாங்கியவர், கம்பெனிக்கு லாபம் வருமா என்றுதான் மேலதிகாரிகளுக்கு எழுத முடியும், எழுதினார். இரண்டும் ஒரே ஆளுக்குள் இருக்க முடியும்.

1786ல் அவர் ஃபிசிஷியன் ஜெனரல் ஆனார், அதாவது மெட்ராஸ் மாகாணத்தின் தலைமை மருத்துவர். நுங்கம்பாக்கத்தில் நூறு ஏக்கருக்கு மேல் நிலம் வாங்கித் தோட்டம் போட்டிருந்தார். அதே வருஷம் டிசம்பரில் மெட்ராஸில் ஒரு புல்லின் மேல் ஒரு பூச்சியைப் பார்த்தார். நசுக்கினால் சிவப்பு வந்தது. அவருக்குத் தூக்கம் போய்விட்டது என்று நான் கற்பனை செய்துகொள்கிறேன், ஏன்னா உடனே லண்டனுக்குக் கடிதம் மேல் கடிதம் போட ஆரம்பித்துவிட்டார். எழுதியது யாருக்குத் தெரியுமா? ஜோசப் பேங்க்ஸுக்கு. கேப்டன் குக்கோடு உலகம் சுற்றி வந்தவர், ராயல் சொசைட்டியின் தலைவர்.

அந்தக் காலத்தில் மெட்ராஸிலிருந்து லண்டனுக்குக் கப்பல் போக ஐந்தாறு மாசம். பதில் வர இன்னும் ஐந்தாறு மாசம். ஒரு கேள்விக்கு ஒரு வருஷம்! கைட் மெயிலுக்கு இரண்டு நாள் பதில் போடவில்லை என்று நாம் புலம்புகிறோம். ஆண்டர்சன் காத்திருந்த நேரத்தில் சும்மா இருக்கவில்லை. தான் எழுதிய கடிதங்களையே மெட்ராஸில் அச்சடித்து ஊரெல்லாம் விட்டார். கொச்சினீல் பற்றிய கடிதங்கள் 1787லேயே புத்தகமாக வந்துவிட்டன. அதற்கப்புறமும் தொடர்ந்து அச்சடித்தார், தனக்கு வந்த பதில்களையும் சேர்த்தே.

லண்டனில் சோதித்துப் பார்த்ததில் அவர் பூச்சி கொச்சினீல் இல்லை என்று முடிவானது. ஏதோ ஒரு தூரத்துச் சொந்தம், அவ்வளவுதான். ஆனா அந்தச் சத்தத்தில் ஒரு நல்லது நடந்தது. நிஜமான பூச்சியையே கொண்டுவந்து இங்கே வளர்த்தால் என்ன என்று பேங்க்ஸும் கம்பெனியும் யோசிக்க ஆரம்பித்தார்கள். பூச்சிக்குச் சாப்பாடு வேண்டுமே? க்யூ அரச தோட்டத்திலிருந்து நோபால் கள்ளிகள் கப்பலில் மெட்ராஸ் வந்தன. சைதாப்பேட்டையில் கம்பெனிச் செலவில் ஒரு கள்ளித் தோட்டம் உருவானது. மர்மலாங் பாலம் (இப்போ மறைமலை அடிகள் பாலம்) தாண்டி மெட்ரோவில் போகும்போது கொஞ்சம் யோசித்துப் பாருங்க, அந்த வட்டாரத்தில் வரிசை வரிசையாக முள்ளில்லாத மெக்சிகோ கள்ளி. தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவர் ஆண்டர்சனின் மருமகன் முறையான ஆண்ட்ரூ பெர்ரி, அவரும் டாக்டர்.

தோட்டம் ரெடி. கள்ளி செழிப்பாக வளர்ந்தது. பூச்சி மட்டும் வரவில்லை. ஒரு வருஷம் இல்லை, இரண்டு வருஷம் இல்லை, ஐந்து வருஷத்துக்கு மேல். சர்வர் எல்லாம் வாங்கி அடுக்கிவிட்டு டேட்டாவுக்குக் காத்திருக்கிற ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் மாதிரி ஒரு நிலைமை. கம்பெனி பரிசு அறிவித்தும் ஸ்பெயின்காரர்களின் காவலைத் தாண்டி யாரும் கொண்டுவரவில்லை.

காத்திருந்த வருஷங்களில் ஆண்டர்சன் வேறு பலதையும் பிடித்தார். பட்டுப்பூச்சிக்காக மல்பெரி நட்டார், மற்ற ஊர்களில் இருந்த அதிகாரிகளையும் நச்சரித்து நட வைத்தார். கரும்பு, பருத்தி, காப்பி என்று எதையும் விடவில்லை. மெட்ராஸ் பக்கத்தில் மெழுகு மாதிரி ஒரு பொருளைச் சுரக்கும் பூச்சியைக் கண்டு, அதற்கு வெள்ளை அரக்கு என்று பெயர் வைத்து அனுப்பினார். அதை லண்டனில் ஜார்ஜ் பியர்சன் என்ற வேதியியலாளர் ஆராய்ந்து 1794ல் ராயல் சொசைட்டியின் இதழில் கட்டுரை போட்டார். பட்டு ரொம்ப நாள் ஓடவில்லை. மற்றவையும் பெரிசாகப் போகவில்லை.

1795ல்தான் கதை திரும்புகிறது. 52வது ரெஜிமென்டைச் சேர்ந்த கேப்டன் நீல்சன் இந்தியா வரும் வழியில், கப்பல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் நின்றது. ஊருக்கு வெளியே நடக்கப் போனவர் கண்ணில் பூச்சி பிடித்த கள்ளிகள் பட்டன. இவர் முன்பு ஒருமுறை இந்தியாவில் இருந்தபோது ஆண்டர்சன் அச்சடித்து விட்ட கடிதங்களைப் படித்திருக்கிறார்! அது ஞாபகம் வந்து, பூச்சியோடு சில கள்ளிகளை வாங்கிக் கப்பலில் ஏற்றினார். வழியில் பெரும்பாலானவை செத்துப்போயின. கொஞ்சம் பிழைத்துக் கல்கத்தா சேர்ந்தன, அங்கே தாவரவியல் தோட்டத்தில் ராக்ஸ்பர்க் அவற்றைக் காப்பாற்றினார். பிறகு மெட்ராஸுக்கும் வந்தன. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு தப்பான பூச்சியைப் பார்த்து எழுதிய கடிதம், உலகத்தின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பூச்சியைக் கூட்டி வந்துவிட்டது. ஆண்டர்சனுக்கு அப்போ வயசு 57.

இதுவும் தப்பான பூச்சி.

நம்ம மாதிரி ஆட்களுக்குப் பிடித்த இடம் இது, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். கொச்சினீல் ஒரே பூச்சி இல்லை, ஒரு குடும்பம். மெக்சிகோக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக வளர்த்தது டாக்டிலோபியஸ் கோக்கஸ். உடம்பு பெரிசு, மேலே லேசான வெள்ளைப் பொடி மட்டும், சாயம் ஏராளம். நீல்சன் கொண்டுவந்தது காட்டுச் சாதி. இன்று அதன் பெயர் டாக்டிலோபியஸ் சிலோனிக்கஸ். சொந்த ஊர் தென் அமெரிக்கா, ஆனா பின்னால் இலங்கையில் எடுத்த மாதிரியை வைத்துப் பெயரிட்டதால் பெயரில் சிலோன் ஒட்டிக்கொண்டது. உருவம் சின்னது, பஞ்சு மாதிரி மெழுகுக்குள் புதைந்து கிடக்கும், சாயம் குறைவு. உலர்த்தினால் எடையில் பாதி பஞ்சுதான் என்று தோன்றும்.

இன்னொரு விஷயமும் இருந்தது. சைதாப்பேட்டையில் அவ்வளவு பாடுபட்டு வளர்த்த க்யூ கள்ளியை இந்தப் பூச்சி சீந்தவில்லை. வேலியோரத்தில் யாரும் நடாமலே கிடந்த முள்ளுக்கள்ளியைப் பார்த்ததும் குஷியாகிவிட்டது. அந்த வேலிக்கள்ளியும் அமெரிக்காவிலிருந்து எப்பவோ கப்பலேறி வந்ததுதான். அந்த வகைக்கள்ளிதான் இந்தப் பூச்சியின் சொந்தச் சாப்பாடு. வீட்டுச் சாப்பாடு கிடைத்த ஹாஸ்டல் பையன் மாதிரி வெளுத்துக்கட்டியது. மடல் மடலாகத் தின்று, செடியையே சாய்த்து, அடுத்த செடிக்குப் போனது.

ஆண்டர்சன் சும்மா இருப்பாரா? கேட்டவர்களுக்கெல்லாம் பூச்சியைப் பிரித்துக் கொடுத்தார். கொஞ்ச காலம் சேகரிப்பும் நடந்தது, லண்டனுக்குச் சரக்கும் போனது. ஆனா மெக்சிகோ சரக்குக்குப் பக்கத்தில் வைக்கிற தரம் இல்லை, அந்த விலையும் கிடைக்கவில்லை. 1800ல் சைதாப்பேட்டைத் தோட்டத்தைக் கம்பெனி மூடியது. அங்கிருந்த செடிகள் பெங்களூரு லால்பாகுக்கு, பெஞ்சமின் ஹைனே என்ற தாவரவியலாளர் பொறுப்புக்குப் போயின.

தோட்டம் மூடிய பிறகும் அவர் கள்ளியை விடவில்லை என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். சாயத்துக்கு ஆகவில்லையா, சரி, இந்த மடல் பறித்தபிறகும் வாடாமல் கிடக்கிறதே, கப்பலில் காய்கறி இல்லாமல் ஸ்கர்வி வந்து சாகும் மாலுமிகளுக்குச் சாப்பிடக் கொடுத்தால் என்ன என்று அதற்கும் கடிதம் எழுத ஆரம்பித்தார். 1809 ஆகஸ்டில் மெட்ராஸிலேயே இறந்தார். கதீட்ரல் சாலையில் செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலுக்குள் அவருக்குப் பளிங்குச் சிலை இருக்கு, செதுக்கியவர் அந்தக் காலத்துப் பெரிய சிற்பி ஃபிரான்சிஸ் சான்ட்ரி. சாயத்தில் ஜெயித்ததற்கான சிலை இல்லை, டாக்டருக்கான சிலை.

ஆனா அந்தப் பூச்சி அவரோடு நிற்கவில்லை. வேலிக்கள்ளி அதிகமாகிப் பல இடங்களில் மேய்ச்சல் நிலத்தையும் வயலையும் அடைக்க ஆரம்பித்திருந்தது. பூச்சி போன இடமெல்லாம் கள்ளி காணாமல் போவதை ஜனங்கள் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். 1836லிருந்து 1838 வரை தென்னிந்தியாவில் இதே பூச்சியை வேண்டுமென்றே கள்ளி அழிக்க விட்டார்கள். 1860களில் இலங்கைக்கும் கொண்டுபோனார்கள். ஒரு களையை ஒழிக்க அதன் பூச்சியை ஏவிவிடும் முறைக்கு உலகத்தில் முதல் உதாரணம் என்று பாடப்புத்தகங்கள் இதைத்தான் சொல்கின்றன. மைக்காகவும் சாயத்துக்காகவும் கொண்டுவந்து தோற்ற பூச்சி! எல்லோருக்கும் இது சந்தோஷம் என்றும் சொல்ல முடியாது. கள்ளியை வேலியாக வைத்திருந்தவனுக்கு வேலி போய்விட்டது.

இதே ஆசையில் கேப்டன் ஆர்தர் ஃபிலிப் 1788லேயே பிரேசிலில் இருந்து பூச்சி பிடித்த கள்ளியை ஆஸ்திரேலியாவுக்கு ஏற்றிப் போனார் என்பது ஒரு கிளைக்கதை. அங்கே பின்னாளில் வேறு கள்ளிகள் கோடிக்கணக்கான ஏக்கரைப் பிடித்ததும், 1920களில் ஒரு அந்துப்பூச்சி வந்து காப்பாற்றியதும் தனிக் கட்டுரைக்கு ஆகும்.

கொச்சினீல் வியாபாரத்தை முடித்துவைத்தது கெமிஸ்ட்ரி லேப். 1856ல் பெர்கின் முதல் செயற்கைச் சாயத்தைச் செய்தார். 1869ல் அலிசரின் செயற்கையாக வந்ததும் நம்ம சாயவேரும் ஓய்ந்தது. 1870களில் இயோசின் வந்தது. நீங்கள் இன்று காணும் மலிவான சிவப்பு மைகளின் தாத்தா அது. பளிச்சென்று இருக்கும், தண்ணீரில் அழகாகக் கரையும், பேனாவை அடைக்காது. வெயிலில் மட்டும் நிற்காது.

இப்போ நம்ம விஷயத்துக்கு வருவோம். இவ்வளவு படித்துவிட்டு அந்த மையில் எழுதிப் பார்க்காமல் இருக்க முடியுமா? இயற்கைச் சாயம் விற்பவர்களிடம் காய்ந்த கொச்சினீல் சின்னப் பாக்கெட்டாகக் கிடைக்கும். சாம்பல் பூத்த மிளகு மாதிரி இருக்கும். நாங்கள் மூன்று பேர் காசு போட்டு வாங்கினோம். உரலில் இடித்தால் மாவு கருஞ்சிவப்பு. காய்ச்சி வடித்த தண்ணீரில் கொதிக்காமல் மெதுவாகச் சூடு பண்ணி, துணியில் வடிகட்டி, பிறகு ஃபில்டர் பேப்பரில் இரண்டு தடவை வடிகட்டினோம். நீங்களும் செய்தால் இங்கேதான் கவனம் தேவை. சாயம் போடுகிறவர்கள் படிகாரம் சேர்ப்பார்கள். படிகாரம் சேர்த்தால் நிறம் பிரமாதமாக ஏறும், ஆனா கார்மினிக் ஆசிட் அலுமினியத்தோடு சேர்ந்து கரையாத துகளாக இறங்கும். பேனாவின் ஃபீடில் மை போகும் பள்ளம் தலைமுடி அகலம்தான், துகள் போனால் அடைத்துக்கொள்ளும். அதனால் படிகாரம் வேண்டாம், நீர்த்த அம்மோனியா சில துளி போதும். பழைய கார்மைன் மைகளும் அம்மோனியாவில் கரைத்தவைதான். வேலம்பிசினும் வேண்டாம், அது தொட்டு எழுதும் நிப்புக்குத்தான் சரி. பூசணம் பிடிக்காமல் இருக்க ஒரு சொட்டு கிராம்பு எண்ணெய்.

குப்பியில் இருக்கும்போது ஊதா கலந்த சிவப்பு. எழுதியதும் அம்மோனியா பறந்துபோய்க் கொஞ்ச நேரத்தில் அடர்ந்த மாதுளைச் சிவப்பாக மாறும். கடையில் வாங்கும் சிவப்பு மாதிரி கத்தாது. அதே எழுத்தின் மேல் ஒரு துளி எலுமிச்சைச் சாறு விட்டால் ஆரஞ்சு, சமையல் சோடாத் தண்ணீர் விட்டால் ஊதா. ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரி லேபில் இதை வைத்திருந்தால் பிஹெச் பாடம் யாருக்கும் மறந்திருக்காது. ஒரு அட்டையில் பாதி சாதாரணச் சிவப்பு மையிலும் பாதி இந்த மையிலும் எழுதி ஜன்னலில் வெயில் படும்படி ஒட்டி வைத்தோம். சில வாரத்தில் முதல் பாதி ரோஸாகி வெளுத்துவிட்டது, பூச்சி மை பாதி அப்படியே இருந்தது. நல்ல பேனாவில் ஊற்றச் சொல்ல மாட்டேன். நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் ஐட்ராப்பர் பேனா ஒன்றை இதற்கென்றே ஒதுக்குங்க, வாரம் ஒரு தடவை கழுவுங்க. பூச்சி மை என்பதால் எங்களில் ஒருத்தன் கடைசிவரை தொடவே இல்லை, அதுவும் நியாயம்தான். உணவுப் பாக்கெட்டில் நிறத்துக்கு நேராக 120 என்று போட்டிருந்தால் அது இதே கார்மைன்தான் என்று அவனிடம் சொன்னதிலிருந்து எதை வாங்கினாலும் பின்பக்கம் திருப்பிப் பார்க்கிறான்.

நம்ம கடற்கரையிலேயே இதன் சொந்தக்காரர்கள் உண்டு. கோவளம் தாண்டி மாமல்லபுரம் போகிற வழியில் மணல்மேடுகளில் மஞ்சள் பூ பூக்கும் சப்பாத்திக்கள்ளி பார்த்திருப்பீங்க. நாகதாளி என்றும் சொல்வார்கள். இது ஆண்டர்சன் காலத்துப் பூச்சி தின்ற வகை இல்லை, அதைத் தொடாமல் விட்ட வேறு வகை. முந்தையது அழிந்த பிறகு இது பரவி, இதற்கென்று வேறொரு கொச்சினீலை 1926ல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட வேண்டியிருந்தது. இதன் பழத்தைப் பிழிந்தால் வரும் சிவப்பில் எழுதலாம் என்று ஆசைப்படாதீங்க. பீட்ரூட்டில் இருக்கிற அதே மாதிரிச் சாயம், இரண்டு நாளில் பழுப்பாகிவிடும். மடலைப் பாருங்க. எங்கேயாவது வெள்ளைப் பஞ்சு ஒட்டின மாதிரி தெரிந்தால் ஒரு குச்சியால் சுரண்டி வெள்ளைத்தாளில் தேயுங்க. ரத்தச் சிவப்பு வந்தால் அதுதான். கையில் ஒரு ட்வீஸரும் இருக்கட்டும். பெரிய முள்ளை விட, கண்ணுக்குத் தெரியாத குட்டி முள்தான் விரலில் ஏறினால் ரெண்டு நாள் படுத்தும்.